இருபத்தைந்தில் தெரிந்த முகம்

1978 அக்டோபர் 1, ஞாயிறு

பூசை முடிந்து வந்து டிவி பெட்டியின் மேலிருக்கும் பேரப்பிள்ளைகளின் படங்களைத் துடைத்தேன். ரோசலின் – டீச்சராக இருந்தவள், இப்போது தலைமையாசிரியைக்கு அடுத்த இடம். டேனியல் – பிட்ஸ்பர்க் வங்கியில் தனி அறை, கதவில் பெயர். சின்னவள் மார்த்தா – நீச்சலில் மாநிலப் பதக்கம். நடுவில் எமில், வெள்ளைக் கோட்டில். பிலடெல்பியாவில் டாக்டர் படிப்பு, மூன்றாம் வருஷம். ஐந்தாம் வகுப்போடு பட்டு மில்லுக்குப் போனவளின் பேரன்! பாதிரியாரிடம் சொன்னேன். ஏற்கெனவே தெரியுமாம். தெரிந்தால் என்ன, இன்னொரு முறை கேட்கட்டுமே.

அக்டோபர் 4

ஸ்லைடு பிலிம் வாங்கப் போனேன். கடையில் ஸ்டான் நின்றிருந்தான். என் வீட்டுக்காரர் ஓன்ட்ரேயோடு ரயில் யார்டில் வேலை பார்த்தவன், இப்போது ரயில்களைப் படம் பிடிக்கும் எங்கள் குழுவில் பெரிய வாய்.

"ஜஸ்டினாம்மா, மேகம் மூடுற மாசம் இது. உங்க இருபத்தஞ்சு வேக பிலிம் தூங்கிடும். இருநூறு வாங்குங்க, பட்டுன்னு புடிக்கலாம்."

"பட்டுன்னு புடிச்சா படம் பூரா மணலை வாரி இறைச்ச மாதிரி இருக்கும். அதை நீயே வச்சுக்கோ."

"ரயில் திரும்புற மலை வளைவுக்கா போறீங்க? இந்த வாரம் ஆத்துப் பாலத்துக்குப் போலாமே."

"வளைவுக்குத்தான்."

முகம் ஏன் அப்படிப் போயிற்று அவனுக்கு? இருபத்தைந்தே வாங்கினேன். வெயில் நிறையக் கேட்கும் பிலிம்தான். ஆனால் ரயிலின் கடைசிப் பெட்டியின் அந்தச் சிவப்பை வேறு எது கொடுக்கும்?

அக்டோபர் 7, சனி

வளைவில் காலையிலிருந்து மேகம். ஸ்டான் சொன்னது பலித்துவிட்டதே என்று எரிச்சல். நிலக்கரி வண்டி முக்கால்வாசி போன பிறகு வெயில் அடித்தது. கடைசியில் வந்த, ரயில் கார்டு இருக்கும் சிவப்புப் பெட்டி மட்டும் கிடைத்தது. ஒரே ஒரு கிளிக். என் கண்ணுக்குச் சிவப்பு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 9

மஞ்சள் உறையில் போட்டு லேபுக்கு அனுப்பியாயிற்று.

அக்டோபர் 20, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும்.

லேபிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்காமல் தீயணைப்பு நிலைய ஹாலுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். முதல் பார்வை எல்லோருக்கும் ஒன்றாக. சுவரில் படம் விழுந்ததும் இடத்தையும் வண்டியையும் ஆளாளுக்குக் கத்துவார்கள்.

என் கார்டு பெட்டி சுவர் முழுக்க விரிந்தது. என்ன சிவப்பு! படியில் ஒரு பிரேக்மேன், பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டுகிறவன். ஒரு கை கம்பியில். இன்னொரு கை தொப்பியை முகத்துக்கு மேல் இழுக்கிறது – இழுத்து முடிக்கவில்லை.

எமில்.

எமிலா? அவன் பிலடெல்பியாவில் அல்லவா – இல்லை, எமில்தான். மூன்று வயதில் அடுப்பில் இடித்துக்கொண்ட நெற்றித் தழும்புகூடத் தெரிகிறது. ஒரு பொட்டு மணல் இல்லை.

ஹாலில் யாரும் கத்தவில்லை. "யாரது?" என்றும் கேட்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"அடுத்ததைப் போடுப்பா," என்றான் ஸ்டான்.

"போடாதே," என்றேன்.

நான் கிளம்ப, ஸ்டான் வாசல்வரை பின்னாலேயே வந்தான். "இதுக்குத்தான் இருநூறு வாங்கச் சொன்னேன். அதுல மூக்கும் முழியும் இப்படித் தெரியாது."

"எத்தனை நாளா?"

"வசந்தத்துலேர்ந்து. சொல்ல வேண்டாம்னு பையன் கெஞ்சினான், ஜஸ்டினாம்மா."

ஓன்ட்ரேயின் வலது கையை இரண்டு பெட்டிகளின் கொக்கி தின்றது. சாகும்போது இடது கையால் என்னைப் பிடித்துக்கொண்டு வாங்கிய வாக்கு ஒன்றே ஒன்று – நம்ம வம்சத்துல ஒருத்தனும் யார்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. இப்ப அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அடப்பாவி எமில், என்னடா பண்ணிட்டே?

அக்டோபர் 21

வெள்ளைக் கோட்டுப் படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. போன் அடித்தது. எமில்; ஸ்டான் சொல்லியிருப்பான்.

"பாபா..." பேரப்பிள்ளைகளில் அவன் ஒருவன்தான் பாட்டியை இன்னும் ஸ்லோவாக்கில் கூப்பிடுகிறவன்.

"ஊருக்கே தெரியும். எனக்கு நீ சொல்லல."

"போன வருஷமே நின்னுட்டேன் பாபா. பொணத்தை அறுக்கறப்ப கை நடுங்கும். நிக்கவே நிக்காது."

"கொக்கி மாட்டறப்ப நடுங்கலையோ?"

"இல்ல. எனக்கே ஆச்சரியம்."

"தாத்தா கை மறந்துபோச்சா?"

"தினமும் நெனப்பேன். வண்டி முழுசா நின்னாத்தான் நடுவுல போவேன். படம் எடுக்கறப்ப வெயில் முதுகுல பட நிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பக்கம்தான் இருப்பீங்கன்னு தெரியும். தெரிஞ்சும் அந்தப் படியிலயே போய் நின்னேன்."

"எதுக்குடா?"

"தெரியல பாபா. உங்களைப் பாத்ததும் பயந்து தொப்பிய இழுத்துட்டேன்."

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 29

மழை. இன்றும் பூசைக்குப் போகவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

பூசை முடிந்ததும் பாதிரியார், "நம்ம டாக்டர் எப்படி இருக்கார்?" என்றார். "பிரேக்மேனா இருக்கான் சாமி. நிலக்கரி வண்டி, மலை வளைவு வழியாத்தான் போவான்," என்றேன். முழுக்கச் சொன்னேன்.

டிவி மேல் இப்போது எமிலின் படச் சட்டம் காலி. பக்கத்தில் ஓன்ட்ரே. அவர் முகத்தை இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.

கடைக்குப் போய் இருபத்தைந்தில் ஒரு பிலிம் சுருள் வாங்கி எமிலுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு சீட்டு: 'வண்டி நிற்கும்போது யாரையாவது எடுக்கச் சொல். வெயில் உன் முகத்தில் விழட்டும். தொப்பி வேண்டாம். இரண்டு கையும் தெரிய வேண்டும். புதுப் படத்தைத் தபாலில் போடு.'