அக்கா வாங்கிய வெறும் போத்தல்கள்

1998 மார்ச், செவ்வாய் இரவு. வெள்ளவத்தை.

சண்டை நடக்கும் வன்னியிலிருந்து வந்து நிற்கும் அக்கா இன்று என் மானத்தை வாங்கிவிட்டாள். பழைய போத்தல் எடுப்பவரின் குரல் கேட்டதும் கீழே ஓடினாள். விற்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அவருடைய சாக்கைக் கிளறி, மூடியுள்ள போத்தல்களாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாடி வீட்டுச் சனமெல்லாம் எட்டிப் பார்த்தது.

"நான் வாங்குற ஆளும்மா, விக்கிற ஆள் இல்ல," என்று ஜிந்துப்பிட்டிப் பக்கமிருந்து வரும் அந்தப் போத்தல்காரர் சிரித்தார்.

"எங்கட ஊர் ஆஸ்பத்திரியில நான்தான் மருந்து குடுக்கிறனான், அண்ணை. போத்தல் கொண்டு வந்தால்தான் தண்ணி மருந்து. ஒரு போத்தலைக் கழுவிக் கழுவி ஒரு ஒழுங்கைச் சனமே பாவிக்குது."

அவர் சாக்கை அப்படியே கவிழ்த்துக் கொட்டினார். காசு வாங்கவில்லை.

பின்னேரம் முழுக்க அவள் போத்தல்களைச் சுடுதண்ணீரில் அவித்தாள். "இங்கயே நிண்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஆமியிட்ட பாஸ் கிடைச்ச உடன வன்னிக்கு வெளிக்கிடோணும்," என்றாள். அவ்வளவுதான்.

இப்போது நித்திரையாகிவிட்டாள். அந்தப் பாஸ் கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு, வழியில் உடையாமலிருக்க, என் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு போத்தலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.