தோற்றவருக்குச் சென்னை

செவ்வாய் இரவு, வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் மல்கிரேவ்.

சாப்பிட்டதும் மகள் நிலா ஸ்கூல் புராஜெக்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அமெரிக்க விடுதலைப் போர். யார்க்டவுன் சண்டையில் தோற்ற பிரிட்டிஷ் தளபதி, சரணடையும் நாளில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வாளை ஒப்படைக்கத் தனக்குக் கீழே இருந்தவரை அனுப்பிவிட்டாராம்.

"அப்புறம் அவர் என்னப்பா ஆனாரு?"

"நம்ம நாட்டுக்கு அனுப்பினாங்க, கவர்னர் ஜெனரலா. சென்னைக் கோட்டை மியூசியத்துல இப்பவும் சிலையா நிக்கிறாரு."

"பனிஷ்மென்ட்டா?"

"இல்லம்மா, புரமோஷன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று மதியம்தான் ஆபீஸில் எங்கள் மேனேஜருக்கு வழியனுப்பு விழா. இரண்டு வருஷ வேலையைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியவர். கிளையன்ட் சத்தம் போட்ட அன்று இவருக்கும் காய்ச்சல். போய் நின்றது நான். அடுத்த மாதம் சென்னை ஆபீஸுக்குத் தலைவராகப் போகிறார். என் தம்பி அங்கேதான் வேலை பார்க்கிறான். அவனிடம் சொல்லலாமா வேண்டாமா, தெரியவில்லை.

தூங்கப் போகும்முன் நிலா கேட்டாள்: "அவரை அனுப்பினப்போ யாருமே ஒண்ணும் சொல்லலையாப்பா?"

மதியம் கேக் வெட்டும்போது நானும்தான் கைதட்டினேன்.