மீன்கார அம்மாவின் திட்டு

மாமா,

இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்தேன். உன் சிவப்புக் கொடி மேலாக மடித்துக் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். மூக்குப்பொடி வாசனை இன்னும் போகவில்லை, அடுக்கடுக்காக மூன்று தும்மல். போன தையில் போய்ச் சேர்ந்த மனுஷன் ஐப்பசியிலும் மச்சானைத் தும்ம வைக்கிறாய். என் கொடி கிழிந்து போனதால் உன்னுடையதை எடுத்துக்கொண்டு ரயில் லைனுக்குப் போனேன். போன இடத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இரண்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, சிரிக்காமல் படி.

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேங்கில் நீயும் நானும் பன்னிரண்டு வருஷம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி குத்தினோம். வெயிலில் நீ விறுவிறுவென்று நடந்தால், "மெதுவா போ மாமா, சொதந்திரம் வந்து ரொம்ப நாளாச்சு" என்பேன். அக்காள் புருஷனைக் கிண்டல் பண்ணாமல் வேறு யாரைப் பண்ணுவது?

உனக்குத் தேசபக்தி வந்தது மேடைப் பேச்சு கேட்டு இல்லை. வெள்ளைக்கார இன்ஜினியர் டிராலியில் குடைக்குக் கீழே உட்கார்ந்து வருவான். நீங்கள் நாலு பேர் கொதிக்கிற தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடித் தள்ளுவீர்கள். "அவன் ஒரு நாளு கூட திரும்பிப் பாத்தது இல்லடா. பாத்திருந்தா நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ" என்பாய். தலைவர்கள் ரயிலில் வடக்கே போகும்போது முதல் தடவை பிளாட்பாரத்தில் பத்துப் பேர் நின்றார்களாம். சில வருஷம் கழித்து கால் வைக்க இடமில்லை, புளியமரத்து மேலெல்லாம் ஆள். உங்கள் தெலுங்கு மேஸ்திரிகூட, "நைனா, எனுக்கும் காட்டுடா" என்று உன் தோளில் ஏறினாராம்.

பிறகு, வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி நாடே கத்திய வருஷம். கதர்க் குல்லாய் போட்ட ஒருவர் உன்னைத் தேடி வந்தார். பெயர் வேண்டாம், குல்லாய்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டால் லைன் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும் என்றார். கூடூர் பாசஞ்சர் அன்று ரத்து, சாயங்காலம் வரை வேறு வண்டி இல்லை, அதற்குள் யாராவது பார்த்துவிடுவார்கள், ஒருவருக்கும் ஆபத்தில்லை என்பது உங்கள் நினைப்பு. பட்டப்பகலில் ஸ்பேனரோடு நிற்கிற கேங்மேனை யார் சந்தேகப்படுவார்கள்? கழற்றிவிட்டாய்.

கழற்றி முடித்துக் கையை ஊன்றினால், தண்டவாளம் நடுங்குகிறது. ரத்து என்று சொன்ன பாசஞ்சர் வருகிறது.

"டேய், வாடா, ஓடிடலாம்! கொடிய காட்னா நீ மாட்டிக்குவே!" என்று குல்லாய்க்காரர் கத்தினார். அவர் ஒரு பக்கம் ஓடினார். நீ கொடியை விரித்துக்கொண்டு வண்டிக்கு எதிரே ஓடினாய். நாலு தந்திக் கம்பம் தூரம் இருக்கும்போது வண்டி நின்றது. ஜனம் இறங்கியது. சூலூர்பேட்டையில் ஏறிய ஒரு மீன்கார அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உன்னை நோக்கி வந்தாள். "பாழாப்போனவனே! என் மீனு நாறிப்பூட்டா உங்கப்பனா வந்து வாங்குவான்?" போலீஸ் வந்து, கழற்றியது யார் என்று கேட்டது. கொடி பிடித்த கையையே தூக்கினாய். ஒரு வருஷம் ஜெயில். போன வேலை வெள்ளைக்காரன் போன பிறகுதான் திரும்பி வந்தது.

சுதந்திரம் வந்து இருபத்தைந்தாம் வருஷம், பள்ளிக்கூடத்தில் தியாகிகள் பெயரைக் கல்லில் வெட்டப் போவதாகச் சொன்னார்கள். பட்டியல் குல்லாய்க்காரர் கையில். உனக்காக நானே மனு எழுதினேன், எழுத்துக் கூட்டிக் கூட்டி. அவரே உன் வீட்டுக்கு வந்தார்.

"கழட்டினத மட்டும் எழுதுப்பா. கொடி சமாச்சாரத்த விட்டுடு. போராட்டத்தையே காட்டிக் குடுத்தவன்னு மத்த தியாகிங்க சண்டைக்கு வருவாங்க."

நானும் சேர்ந்துகொண்டேன். "போவுது மாமா, கல்லுல பேரு வரட்டும்."

நீ கையை நீட்டிக் காட்டினாய். "ரெண்டும் இந்தக் கையி தாண்டா பண்ணுச்சு. வெள்ளக்காரன் போவணும்னு தான் கழட்டுனேன். வண்டில இருந்தது வெள்ளக்காரனா? மீன்காரம்மா. இதுல எத மறைக்கச் சொல்றே?"

பெயர் வரவில்லை. கல்லைத் திறந்த அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினாய். திரும்பி வரும்போது, "இன்னா அரைத் தியாகி, வருத்தமா?" என்றேன். ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டாய்.

"அந்தம்மா இன்னா திட்டு திட்டுச்சு தெரியுமா? காது கூசிப்போச்சு. திட்றதுக்கு உசுரோட இருந்துச்சு இல்ல? அது போதும்டா."

நானும் கையை நீட்டி ஒரு சிட்டிகை வாங்கிப் போட்டுக்கொண்டேன். எனக்கே அது புதுசு.

இன்று காலை என்ன ஆயிற்று என்றால், ராத்திரி மழையில் ஏரிக்கரைப் பக்கம் ஜல்லி அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது. உன் கொடியைக் காட்டிப் பாசஞ்சரை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் நின்றது. டிபன் பாக்ஸோடு ஒரு பெண் இறங்கி வந்தாள், தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஏதோ கம்பெனியில் வேலையாம்.

"யோவ், எட்டு மணிக்கு கம்பெனி கேட்ட மூடிடுவான்யா! உன் தலைல இடி விழ! வேற நாளே கெடைக்கலியா உனுக்கு?"

நான் கொடியும் கையுமாகச் சிரித்தேன்.

"இளிச்சிக்கினு வேற நிக்கறான் பாரு!" என்று அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

நன்றாகத் திட்டினாள், மாமா. கொடியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். துவைக்கவில்லை.