தொட்டி கழுவிய தண்ணீர்

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உன் பிள்ளைகள் இருவரும் இங்கே காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்து வந்தால் கால் நீட்டித் தூங்கி, நல்லபடி இருக்க வேண்டும் என்று குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அன்றைக்கு அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ஏம்ப்பா, ஊரே தண்ணிக்கு அலையறப்ப நீங்களே இப்படிப் பண்ணலாமா என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. காரிமங்கலம் அக்பர் அலி பாய் மகன் இத்ரீஸ் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்பினால் உன் கைக்கு வந்துவிடும் என்பதால் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பள்ளிக்கூடம் லீவு விட்ட முதல் வாரமே வீடு வீடாக இல்லை. பெரியவள் கவிப்பிரியா விடிந்ததும் உன் அம்மாவின் போனை எடுத்தால் சார்ஜ் தீரும்வரை கீழே வைக்க மாட்டாள், தேன்மொழி அதைப் பிடுங்கப் போய்க் கடி வாங்கிக்கொண்டு வருவாள். நீ அங்கிருந்து தர்மபுரியில் சம்மர் கேம்ப் நடக்கிறது, நீச்சல், டிராயிங் எல்லாம் சொல்லித் தருகிறார்கள், சேர்த்துவிடுங்கள் என்றாய். நானும் போய்க் கேட்டேன். அவர்கள் சொன்ன ஃபீஸ் ஒரு பக்கம், காலையில் கொண்டுபோய் விட்டு மத்தியானம் கூட்டிவர ஆள் வேண்டுமே. எனக்குக் காலையிலும் சாயங்காலமும் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு வால்வு திறக்கிற வேலை, உன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். மாப்பிள்ளை லாரியில் போனால் பத்து நாள், வந்தால் இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் பாவம் தூங்கத்தான் அவருக்கு நேரம். இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல், சீட் முடிந்துவிட்டதாம் என்று ஒரு பொய் சொன்னேன்.

ஆனால் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடவில்லையம்மா. நம்மால் ஆனதைச் செய்தோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்து வாரம் இரண்டு நாள் காரிமங்கலம் லைப்ரரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஃபேன் இருக்கிறது, பெரியவள் படக்கதைப் புத்தகமாக எடுத்துப் படித்தாள், சின்னவள் மேஜை மேல் தலை வைத்துத் தூங்கினாள், நானும் பேப்பரை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு தூங்கினேன். சந்தை நாளில் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு வெள்ளரிப் பிஞ்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாருக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு வத்தல்மலைக்குப் போனோம். வளைவில் பஸ் திரும்பத் திரும்பத் தேன்மொழி என் வேட்டி மேலேயே வாந்தி எடுத்தாள், மேலே போனதும் காற்று பட்டு எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை ஒரு மரத்தடியில் சாப்பிட்டோம். ஒகேனக்கல் போகலாம் என்று இரண்டு பேரும் நச்சரித்தார்கள். பரிசல் ஏறாமல் அங்கே போனால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம், ஏறினால் நமக்குக் கட்டாது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். இதில் எதற்குமே கவிப்பிரியா சிரிக்கவில்லை என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய், போட்டோவில் தெரியாது. கூப்பிட்ட இடத்துக்கு வருவாள், சொன்னதைச் செய்வாள், அவ்வளவுதான். பொங்கல் கழித்து நீ கிளம்பின நாளிலிருந்து அப்படித்தான்.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மாதம் இரண்டு தடவை மேல்தொட்டியைக் கழுவ வேண்டும், உனக்குத் தெரியாதது இல்லை. கழுவுவதற்கு முன்னால் அடியில் தேங்கியிருக்கிற ஒரு முழத் தண்ணீரை வடிகுழாயில் திறந்துவிட வேண்டும், அதில் மண்டி இருக்கும், குடிக்க ஆகாது. அது வழக்கமாக ஓடையில் போய் மண்ணில் இறங்கிவிடும். அன்றைக்கு நான் தொட்டிக்குக் கிளம்பும்போது இரண்டு பிள்ளைகளும் கூடவே வந்தார்கள், அவர்கள் பின்னால் தெருப் பிள்ளைகள், எண்ணிப் பார்த்தால் பதினான்கு பேர். வெயில் தலையைப் பிளக்கிறது. தாத்தா, அந்தத் தண்ணி சும்மாதானே போவுது, நாங்க நிக்கட்டுமா என்று கவிப்பிரியா கேட்டாள். அவளாக வாய் திறந்து என்னிடம் எதையாவது கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். பிளீச்சிங் பவுடர் போடறதுக்கு முன்னாடி மட்டும்தான், நான் போதும்ன்னா போதும் என்று சொல்லித் திறந்துவிட்டேன். பீறிட்டு வந்தது பார். ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, கத்தி, சட்டை துணியோடு புரண்டு, மண்டித் தண்ணீரில் ஆட்டம் போட்டார்கள். கவிப்பிரியா வாயைத் திறந்து அண்ணாந்து நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். இருபது நிமிஷம் இருக்கும். அதற்கப்புறம் அறுபத்திநாலு படி ஏறித் தொட்டிக்குள் இறங்கித் துடைப்பத்தால் தேய்க்கும்போது எனக்கு முட்டி வலிக்கவே இல்லை என்றால் நம்புவாயா.

அந்த இருபது நிமிஷத்தைத்தான் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள், குடிநீரில் கும்மாளம் என்று எழுதி. எடுத்தது மேட்டுத் தெரு ஜானகியம்மாளின் மகன். அவன் மேல் முதலில் எனக்குக் கோபம்தான். சாயங்காலம் ஜானகியம்மாளே வீட்டு வாசலுக்கு வந்து நின்றார், அவர் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். எங்க தெருவுல நாலு நாளா குடம் காயுது முனியப்பா, இங்க உன் பேத்திங்க குளிக்கறாங்க என்றார். அது கழுவறதுக்கு விடற தண்ணிங்க, குடிக்க ஆகாதுங்க என்று சொன்னேன். அதற்கு அவர், குடிக்க ஆவாது, என் எருமைக்குமா ஆவாது, பீத்துணி அலசறதுக்குமா ஆவாது, இத்தன வருசமா அத ஓடையில வுட்டியே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டியோட வந்திருப்பனே என்றார். இருபத்திரண்டு வருஷம் அந்தக் குழாயைத் திறந்திருக்கிறேன், எனக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை. மேட்டுத் தெரு வால்வு பழுது என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். உள்ளே உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் போனதும், அந்தம்மா சொல்றது நாயந்தானே என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே விளக்கம் கேட்டு யூனியன் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் மோட்டார் பக்கம் போகக் கூடாது என்றும் உத்தரவு. காலையில் போனவன் மத்தியானம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், தெரிந்தவர்கள் வந்துபோகிற இடம், எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்கள். இந்த வயதில் வேலை போனால் என்ன செய்வது என்ற யோசனையைவிட, தாத்தா என்னாலதான் என்று கவிப்பிரியா காலையில் சொன்னது மண்டையைக் குடைந்தது. உன்னால இல்ல கண்ணு, தொறந்தது நான் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், அவள் நம்பின மாதிரி இல்லை. உள்ளே கூப்பிட்ட நேரத்தில் பார்த்தால் ஜானகியம்மாள் இன்னும் இரண்டு பெண்களோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறார். புகாரை அழுத்திச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஆபீசர் முன்னால் நின்று, எங்க தெருவுக்குத் தண்ணி வரலங்கறதும் நெசங்க, இவரு குடிக்கற தண்ணிய ஊத்தலங்கறதும் நெசங்க, ரெண்டையும் எழுதிக்கோங்க சார் என்றார். ஆபீசர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எனக்கு ஒரு மெமோ, இனிமேல் குழந்தைகளைத் தொட்டிப் பக்கம் விடக்கூடாது என்று. வால்வைப் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆள் பத்து நாள் கழித்து வந்தான், பாதி சரி செய்துவிட்டுப் போயிருக்கிறான், இப்போது மேட்டுத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சன்னமாகத் தண்ணீர் வருகிறது. வேலை நிலைத்தது, அது போதும்.

அடுத்த தடவை கழுவும் நாளுக்கு முதல் நாளே நானாகப் போய் மேட்டுத் தெருவில் சொல்லிவிட்டு வந்தேன். தள்ளுவண்டியில் டிரம்மும் குடமுமாக வந்துவிட்டார்கள். தொட்டிப் பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது என்பதால் ஓஸ் பைப்பைப் போட்டு ரோட்டோரம் வரை இழுத்துவிட்டேன். முதல்ல மாட்டுக்கு, அப்பறம் துணிக்கு என்று ஜானகியம்மாள்தான் வரிசை வைத்தார், ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நம் தெருப் பிள்ளைகளும் மேட்டுத் தெருப் பிள்ளைகளும் இந்தப் பக்கம் காலிக் குடம், அந்தப் பக்கம் நிறைகுடம் என்று கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கவிப்பிரியா ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்கும் ஓஸுக்குமாக நடந்தாள், குளிக்கிற பேச்சையே எடுக்கவில்லை. எல்லாம் நிறைந்த பிறகு ஓஸில் விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஜானகியம்மாள் பிள்ளைகளைப் பார்த்து, இது உங்குளுக்கு, சீக்கிரம் வாங்க என்று சொல்லி ஓஸைத் தானே தூக்கிப் பிடித்தார். தலைக்கு ஒரு சொம்புகூடத் தேறாது, ஆனாலும் என்ன சத்தம் போட்டார்கள் தெரியுமா. அவர் மகன் தூரத்தில் நின்றிருந்தான், போனை எடுக்கவில்லை.

முடிந்ததும் ஜானகியம்மாள் முந்தானையால் கவிப்பிரியாவின் தலையைத் துவட்டிக்கொண்டே, உங்கம்மா எப்ப கண்ணு வருவா என்று கேட்டார். இவள், வரமாட்டாங்க ஆயா என்றாள். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள் கலைமதி. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சொல்லிவிட்டுத் தேன்மொழியின் செருப்பைத் தேடப் போய்விட்டாள். அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டு ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன், இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்க மாட்டேன். ஜானகியம்மாள் என்னைப் பார்த்தார், நான் ஓஸைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

போன மாதம் நீ, அப்பா, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க, போடட்டுமா, மாடி கட்டிடலாம் என்று கேட்டாய். உன் இஷ்டம்மா, புள்ளைங்கள நாங்க பாத்துக்கறோம் என்றேன். உன் அம்மாவும் பக்கத்தில் இருந்து, ஆமா ஆமா என்றாள். நாங்கள் இருவருமே பொய் சொன்னோம். எங்களால் முடியவில்லை கலை. சோறு போடலாம், குளிப்பாட்டலாம், லைப்ரரிக்கும் மலைக்கும் கூட்டிப்போகலாம், இந்த ஒரு லீவை எப்படியோ தள்ளிவிட்டோம். இன்னும் இரண்டு லீவு என்று நினைத்தால் எனக்கு அறுபத்திநாலு படியும் ஒரே தடவையில் கண் முன்னால் வந்து நிற்கிறது. உன் அம்மா முட்டி வலியை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதையும் மீறித்தான் எழுதுகிறேன். நீ எங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும்தான் போனாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, யாராவது உன்னை ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் சும்மா விடமாட்டேன். ஆனால் மாடி வேண்டாம். நம் வீட்டில் இருக்கிற இரண்டு அறையில் ஆறு பேர் படுக்கலாம். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், அவரும் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறார். தர்மபுரியிலேயே நர்சு வேலை கிடைக்கும், சம்பளம் குறைச்சல்தான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். கையெழுத்துப் போடாதே அம்மா. ஏற்கனவே போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல், திட்டமாட்டேன்.

இத்ரீஸிடம் கொள்ளு மாவும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்பியிருக்கிறாள் உன் அம்மா, மூடியை இறுக்கிப் பிளாஸ்டிக் கட்டியிருக்கிறது, பார்த்துத் திற. தலைக்கு எண்ணெய் வைக்காமல் டியூட்டிக்குப் போகாதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. ஒன்றே ஒன்று நினைவு வைத்துக்கொள். கவிப்பிரியாவிடம் பேசும்போது, அடுத்த மாதம் வருகிறேன், லீவு கேட்டிருக்கிறேன் என்று ஆசை காட்டாதே. தேதி கைக்கு வந்த பிறகு, டிக்கெட்டும் எடுத்த பிறகு, அவளிடம் நீயே சொல். நான் முந்திச் சொல்லமாட்டேன். நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல், உன் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசியும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
முனியப்பன்