போனை வைத்தால்தான் ஃபேக்ஸ் வரும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு சின்னக் கலவரம், இப்போது சரியாகிவிட்டது. என்னுடன் தங்கியிருக்கும் தையல்கார அக்காவுக்குக் குடல்வால் வெடிக்கிற நிலை. அவருக்கு ஒரு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது. அதைச் சொல்லும் பழைய மருத்துவச் சீட்டு இங்கே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஃபேக்ஸில் வந்தால்தான் ஏற்போம் என்றது ஆஸ்பத்திரி. ஈமெயிலை ஃபேக்ஸாக மாற்றி அனுப்பும் சேவை ஒன்று உண்டு; அதில் முகவரி போடும் இடத்தில் ஆஸ்பத்திரியின் ஃபேக்ஸ் எண்ணைப் போட்டு அனுப்பினேன். லைன் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், அதுவும் திரும்பியது. அனுப்பும்போதெல்லாம், வந்ததா வந்ததா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன்.

நர்ஸ் கத்திவிட்டார்: "அம்மா தாயே, போனுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன்தான். நீங்க வெச்சாத்தானே அது வரும்!"

வைத்தேன். மறுபடி அனுப்பிவிட்டு, கேட்கவும் வழியில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'சேர்ந்தது' என்று ஒரு வரி வந்த பிறகுதான் அழுதேன்.

அக்கா பிழைத்துவிட்டார். வீடு திரும்ப ஒரு வாரமாகும்.

என் பழைய மருந்துச் சீட்டுகளை அனுப்பி வையுங்கள். எனக்கு ஒன்றுமில்லை, சும்மாதான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் அம்மா பாத்திரம் கழுவும் சத்தமாவது கேட்கட்டும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்