ஒரு நிமிஷம் முன்னாடி அடிச்ச மணி

ஜூலை 8, செவ்வாய்

கணக்கு வாத்தியாருக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். இதை நம்ம ரேடியோ தன் பையில வெச்சுக் கொண்டுவருவா. பஸ் தூரம்னு சாக்கு சொல்லி உங்க ஸ்கூல் பக்கத்துலயே ரூம் எடுத்துக்கிட்டுப் போனீங்களே, அன்னையிலேருந்து நமக்குத் தபால்காரி அவதானே. வாய் ஓயலைன்னு பெத்த பொண்ணுக்கு ரேடியோன்னு பேர் வெச்சதும் நீங்கதான்.

வெள்ளிக்கிழமை ஸ்கூல்களுக்குள்ள நடக்குற திறமைப் போட்டியில எங்க ஸ்கூல் சார்பா அவ பலகுரல் செய்யுறா. ஜெயிச்சா மாவட்டப் போட்டி. சாப்பாடு தூக்கம் எல்லாம் அதுதான். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் பழகுறா, என்ன செய்யப்போறான்னு என்கிட்டயே மூச்சு விடல. நேரம் முடிஞ்சா மணி அடிக்கிற பொறுப்பு இந்த வருஷம் உங்களுக்காமே. பொண்ணுன்னு சலுகையும் வேண்டாம், நான் டீச்சரா இருக்குற ஸ்கூல்னு வஞ்சமும் வேண்டாம்.

ரேடியோவோட அம்மா

ஜூலை 9, புதன்

தமிழ் டீச்சருக்கு,

வஞ்சமாம். கடிகாரத்துக்கு என்ன தெரியும், யார் பொண்ணு யார் ஸ்கூல்னு? எட்டு நிமிஷம் ஆனா அடிப்பேன், அவ்வளவுதான். கணக்குன்னா கணக்குதான். எங்க பசங்க டான்ஸும் லேசுப்பட்டது இல்ல, அதையும் சொல்லி வை.

நாய், பூனை, ரயில்னு பழைய சரக்கை அவிழ்க்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லு. என் நீலச் சட்டை அங்கேயே கிடக்கு. மூணு தடவை சொல்லி அனுப்பிட்டேன். உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்?

ரேடியோவோட அப்பா

ஜூலை 12, சனி

கணக்கு வாத்தியாருக்கு,

நாயும் இல்ல, பூனையும் இல்ல. நம்ம ரெண்டு பேரைத்தான் செஞ்சா.

முதல்ல என் குரல். "உங்கப்பாகிட்ட சொல்லிடு, சட்டை வேணும்னா அவரையே வந்து எடுத்துக்கச் சொல்லு." ஹாலே சிரிச்சுது. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துது, ஆனாலும் அசையாம உக்காந்திருந்தேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு உங்க குரல். "உங்கம்மாகிட்ட சொல்லு, கணக்குன்னா கணக்குதான்." நடுவுல ஒரு பொண்ணு, அவதான், "சரிம்மா, சரிப்பா"ன்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுறா. கடைசியில நடு மேடையில நின்னா. ஹால் கப்சிப். இவ தன் சொந்தக் குரல்ல பேச வாயைத் திறந்தா. நீங்க மணி அடிச்சிட்டீங்க.

இன்னும் ஒரு நிமிஷம் இருந்துது. எங்க பி.டி. மாஸ்டர் ஸ்டாப் வாட்ச் வெச்சிருந்தார். பாதியில நிறுத்தினதுக்கு மார்க்கைக் குறைச்சு, உங்க டான்ஸுக்கு முதல் பரிசு. எப்படிங்க மனசு வந்துது? வந்ததிலேருந்து ரேடியோ வாயே திறக்கல.

ரேடியோவோட அம்மா

ஜூலை 15, செவ்வாய்

டீச்சருக்கு,

ஆமா, அடிச்சேன். டான்ஸுக்காக இல்ல. உன் குரல்ல அவ பேசினதைக் கேட்டு நானும்தான் சிரிச்சேன். என் குரல் வந்ததும் சிரிப்பு அடங்கிடுச்சு. அவகிட்ட நான் இவ்வளவு கேவலமாவா பேசுறேன்? இன்னும் என்னென்ன சொல்லப்போறாளோன்னு பயம். கை தானா போயிடுச்சு.

நேத்து போட்டிக் கமிட்டி முன்னால நின்னு, நேரத்துக்கு முன்னாடியே அடிச்சேன்னு சொல்லிட்டேன். எங்க ஹெட்மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கிறதில்ல. டான்ஸ் ஆடின பசங்க பார்க்குற பார்வை தாங்கல. வெள்ளிக்கிழமை அவ மறுபடி செய்யலாமாம். நானும் வருவேன், பேசாம உக்காந்திருப்பேன்.

அந்தக் கடைசியில அவ என்ன சொல்ல இருந்தா? ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. கேட்டுச் சொல்லு.

ரேடியோவோட அப்பா

ஜூலை 19, சனி

கணக்கு வாத்தியாருக்கு,

இது தபால்ல வருது. பையில வைக்கப் போனேன், "இனிமே நான் எதையும் கொண்டுபோக மாட்டேன்"னு வெளியே எடுத்து வெச்சுட்டா.

நேத்து நீங்க போய்க் காத்திருந்தது தெரியும். இவ வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். கெஞ்சினேன், திட்டினேன், மாவட்டப் போட்டி கை நழுவிப் போகுதேடின்னு அழுதேன். ஒண்ணும் நடக்கல. சரி, அந்தக் கடைசி வரியையாவது எனக்குச் சொல்லுன்னு பக்கத்துல உக்காந்து கேட்டேன்.

"அது மேடையில சொல்ல வேண்டியதும்மா. அங்கன்னா நீங்க ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டுத்தான் ஆகணும். வீட்டுல சொன்னா நான் முடிக்கிறதுக்குள்ள ஆரம்பிச்சிடுவீங்க"ன்னா.

"யாருடி ஆரம்பிக்கிறது? நானா, உங்கப்பாவா?"ன்னு கேட்டேன். எழுந்து போயிட்டா.

இப்படிக்கு,
அவளோட அம்மா