பன்னிரண்டாம் நம்பர் ஊசி

உ

கொடைக்கானல்
5-12-1960

அன்புள்ள அத்தானுக்கு, வள்ளி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே குளிரைத் தவிர மற்றதெல்லாம் நலம். கிளாவரையில் உங்கள் விதை உருளைக்கிழங்குகள் பனியில் கருகாமல் இருக்கின்றனவா? நமக்கு நிச்சயமான பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதிலேயே ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைத் தயவுசெய்து கழற்றி வையுங்கள்.

நிச்சயத்தன்று உங்கள் அம்மா சபையில் கேட்டது நினைவிருக்கும். "நம்ம வம்சத்துலயே மொதப் பட்டம், அதுவும் கணக்குல. சரித்தேன். ஒரு பொத்தான் தைக்கத் தெரியுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, கவனித்தேன். மறுவாரமே பச்சைக் கம்பளி நூல் வாங்கிவிட்டேன்.

எங்கள் பள்ளியின் தையல் டீச்சர் குப்பம்மாள்தான் வழி சொன்னார். "உடம்புக்கு ஒம்பதாம் நம்பர் ஊசி. இடுப்பு, மணிக்கட்டுப் பட்டைக்கு மூணு சைஸ் சின்ன ஊசி போடு. அப்பத்தான் கவ்விப் பிடிக்கும்." ஒன்பதில் மூன்று போனால் ஆறு. இதில் கேட்க என்ன இருக்கிறது? கடைக்காரர் திருமலைச்சாமி, "ஆறா டீச்சர்? பட்டைக்கு எல்லாரும் பன்னெண்டுல்ல கேப்பாங்க?" என்றார். "ஆறுதான்" என்றேன். எந்தக் கடையிலும் நான் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை.

ஆறாம் நம்பர் ஊசி ஒன்பதைவிடத் தடிமனாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன், அத்தான். கண்ணை நம்பாமல் கழித்தலை நம்பினேன். பின்னல் ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியுமாம். ஸ்வெட்டர் உங்களுக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்த ஊசியை என் பையில் பார்த்த குப்பம்மாள் டீச்சர், "இதென்ன, முருங்கைக்காயா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

நேற்று குதிரைக்காரர் பொன்னுவேல் கிளாவரையிலிருந்து திரும்பினார். ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு, குதிரை சுகமா என்று கேட்டேன். அவராகவே சொன்னார்: "சட்டை நல்லாத்தேன் இருக்குங்க. கீழதான் பஞ்சாரங் கணக்கா விரிஞ்சு கெடக்கு, நாலு கோழியக் கவுத்து வைக்கலாம். சாரு இடுப்புல சாக்குக் கயித்தக் கட்டிக்கிட்டுத் திரியிறாரு. கழட்டுங்கன்னா கோவம் வருது."

அந்தக் கடைசி வாக்கியத்தை, காதில் விழாததுபோல, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

பொங்கலுக்கு அதைப் போட்டுக்கொண்டே நம் ஊர் பாலசமுத்திரத்துக்குப் போவதாக என் அப்பாவுக்கு எழுதியிருக்கிறீர்களாம். வேண்டாம். அத்தை அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டால் பொத்தானை மறந்துவிடுவார். கயிற்றை என் ஆயுள் முழுக்க மறக்கமாட்டார்.

பட்டையை மட்டும் பிரித்துப் பின்னிவிடலாம் என்கிறார் டீச்சர். பன்னிரண்டாம் நம்பர் ஊசி வாங்கியாயிற்று. திருமலைச்சாமி பொட்டலம் கட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

பொன்னுவேலிடம் கொடுத்தனுப்புங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது திரும்பி வரும்வரை இந்தப் பனியில் எதைப் போட்டுக்கொள்வீர்கள்? மணிக்கட்டின் அளவும் எனக்கு வேண்டும். நூலில் அளந்து அனுப்பலாம்தான். அளவு விஷயத்தில் இனி எதையும் கண்ணால் பார்க்காமல் நான் நம்புவதாக இல்லை.

ஆகவே கழற்ற வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள். டீச்சர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கயிற்றை மட்டும் கொடைக்கானலுக்குள் நுழையுமுன் அவிழ்த்துவிடுங்கள். அதுவரை குளிர் அண்டாமல் பழனியாண்டவர் உங்களைக் காக்கட்டும்.

பணிவுடன்,
சண்முகவள்ளி